தண்ணீர் கட்டியது ஏழு நாள், காய்ந்தது எத்தனை நாள்?

செங்கல்பட்டில் இருக்கும் என் அக்கா, தை மாதம் புது வீட்டுக்குக் குடி போனாள். பேரப்பிள்ளைகள் அறைக்கு மட்டும் மரத்தரை போல இருக்க வேண்டும் என்று ஆசை. 120 சதுர அடிக்கு லேமினேட் பலகை போட்டாள். மாசி முடிவதற்குள் பலகை சேரும் இடமெல்லாம் உதடு வீங்கியதுபோல எழும்பிவிட்டது. ஒரு நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா அதில் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டு மூன்று வாரம்.

“மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்டா” என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தாள் அக்கா. நான் போய் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் இருந்த ஃபோம் ஷீட் நனைந்திருந்தது. சிமென்ட் தரை கருத்துக் கிடந்தது. சரக்கின் மேல் தப்பில்லை.

“தரை போட்டு எத்தனை நாள்ல பலகை போட்டீங்க?”

“பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணி நிறுத்தினோம்டா. மொத்தத்துல நாலு வாரம் ஆச்சே!”

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். தண்ணீர் கட்டுவது சிமென்ட் இறுகுவதற்காக. காய்வது வேறு கதை. கட்டிய தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தக் கணக்கே தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு நாள் என்பது கட்டட வேலையில் தோராயமாகச் சொல்லும் கணக்கு. இரண்டு அங்குலத் தரைக்கு 50 நாள். அதற்கு மேல் கனம் கூடினால் இன்னும் மெதுவாகத்தான் காயும். இதுவும் நல்ல காற்றோட்டம் இருந்தால்தான். அக்கா போட்டதோ மார்கழியில், தூசி வருமென்று ஜன்னலை மூடிவைத்த அறையில்! ஏழு நாள் போக, அந்தத் தரைக்குக் கிடைத்தது மூன்றே வாரம்.

மேலே வெளுத்து, தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். ஈரம் உள்ளே இருக்கும். அதை மூடிவிட்டால் பலகையின் அடியில்தான் வந்து சேரும். லேமினேட்டின் வயிற்றில் இருப்பது அழுத்திய மரநார்; ஈரம் குடித்தால் ஊதும். பசை போட்டு ஒட்டும் வினைல் என்றால் பசை விட்டுக் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஃபோமுக்குக் கீழே பாலித்தீன் விரிப்பது நல்லதுதான். ஆனால் அது கூடுதல் காவல், ஈரத் தரைக்கு வைத்தியம் ஆகாது.

காய்ந்ததா என்று பார்க்க நிபுணர் வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். வெயில் நேராக விழாத இடமாகப் பாருங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பிரித்தால், ஷீட்டின் அடியில் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் தரை கருத்திருந்தாலோ, இன்னும் ஆகவில்லை. பாத்ரூம் சுவர் ஓரத்தையும் சேர்த்து இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள். ஷீட் காய்ந்திருந்தாலும், மேலே சொன்ன நாள் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். தரைத்தளத்து வீட்டில் பல மாதம் கழித்தும் வியர்த்தால், ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது என்று சந்தேகப்படுங்கள். அதற்குக் காத்திருந்து பயனில்லை. மர ஆசையை விட்டு டைல்ஸுக்குப் போவது புத்திசாலித்தனம்.

ஈரம் போய்விட்டால் அடுத்து மேல்பரப்பு. சில கொத்தனார்கள் தரையில் தண்ணீர் மிதந்தால் காய்ந்த சிமென்ட் பொடியைத் தூவித் தேய்த்துவிடுவார்கள். பார்க்க வழவழவென்று அழகாக இருக்கும். ஆனால் அது மெல்லிய ஏடு, கீழே உள்ள கலவையோடு பிடிப்பு இருக்காது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த ஏட்டைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பசை அதைத்தான் பிடித்துக்கொண்டு, பிறகு இரண்டுமாகச் சேர்ந்து உரியும். சாவிக்கொத்தால் தட்டிக்கொண்டே நடந்து, ‘தொம்’ என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை உடைத்துத் திரும்பப் பூசச் சொல்லுங்கள். பழைய வீட்டு ரெட் ஆக்சைடு தரையில் வருஷக்கணக்கில் ஏறிய மெழுகும் எண்ணெயும் இருக்கும்; அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

பிறகு ஆறடி மட்டக்கட்டையைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தை அதற்கான லெவலிங் கலவையால் நிரப்ப வேண்டும். முழுத் தரையும் ஒரே சீராக லேசாகச் சரிந்திருந்தால் லேமினேட் தாங்கிக்கொள்ளும். மேடு பள்ளத்தில்தான் கால் வைக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி, பூட்டு உடையும்.

அக்கா எல்லாப் பலகையையும் எடுத்துவிட்டாள். பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் ஜன்னல்களைத் திறந்துபோட்டாள். நடுவில் இரண்டு முறை ஷீட் ஒட்டி, இரண்டு முறையும் வியர்த்தது. “இன்னும் அழுவுதுடா” என்று போன் செய்வாள். கத்திரி வெயிலில் மூன்றாவது முறை ஒட்டிப் பிரித்தபோது போட்டோ அனுப்பினாள். ஷீட் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“இப்ப போடலாமா?”

“போடு. அதுக்கு முன்னாடி கதவுக்கு அடியில எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துக்கோ. பலகை எட்டு, ஃபோம் மூணு, பதினோரு மில்லிமீட்டர் ஏறும்.”

“அடப்பாவி, போன தடவை கதவு இடிச்சதுக்கும் அதுதான் காரணமா!”

இந்த வாரம் அங்கே தச்சர் வந்திருக்கிறார்.