எந்த உள்ளான்?

பதினொரு ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. இன்லண்டு லெட்டர் எழுதுகிறவர்கள் அப்போதே அருகிவிட்ட இனம். யமுனையைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையை அவசர அவசரமாகத் தமிழாக்கியிருந்தேன். அதில் ஐந்தாறு பறவைகளின் பெயர்கள் வந்தன. அகராதியைப் புரட்ட நேரமில்லை. ஒன்றிரண்டை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். மிச்சத்தைச் ‘சிலவகை நீர்ப்பறவைகள்’ என்று ஒரே கூடையில் போட்டு மூடிவிட்டேன். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘கூட் என்று போட்டிருக்கிறீர்கள். நெற்றியில் நாமம் போட்ட கோழியை நாமக்கோழி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?’ கீழே மயூர் விஹார் முகவரி, ஒரு ஃபோன் நம்பர்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம். ஆனால் எங்கள் படிப்பும் அப்படித்தான் இருந்தது. அன்றில் என்று வந்தால் ‘ஒருவகைப் பறவை’ என்று குறிப்பு எழுதுவோம். மகன்றிலும் ஒருவகைப் பறவை. குருகு இன்னொரு வகை. இதற்கு மதிப்பெண்ணும் போட்டார்கள். அந்தப் பறவை இன்னும் எங்கேயாவது பறந்துகொண்டிருக்குமா என்று கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஃபோன் செய்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக் குளத்துக்கரை கிராமத்தில் பிறந்து, மத்திய அரசின் கணக்குத் துறையில் சேர்ந்து, தில்லியிலேயே ஓய்வுபெற்றவர். ‘ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க? காலைல ஆறு மணிக்கு வாங்க, சுல்தான்பூர் போறோம்’ என்றார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அப்படித்தான் நானும் அந்தக் குழுவில் ஒருவன் ஆனேன். குழு என்றால் பதிவெண், கட்டடம் எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். இருபது முப்பது பேர். ஒரு பல் மருத்துவர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், ஒரு வங்கி ஊழியர், கல்லூரிப் பிள்ளைகள், மனைவியின் கோபத்துக்கு ஆளான சில கணவர்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் இரண்டு ஞாயிறு வெளியே போவார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை யாராவது பேசுவார்கள். மூன்று கார்களில் பதினான்கு பேர், ஃபிளாஸ்க்கில் டீ, அலுமினியத் தாளில் சுற்றிய ஆலு பராத்தா. ஏரிக்கரையில் இறங்கியதும் ஒருவர் பட்டியல் எழுதுவார், மற்றவர்கள் சொல்வார்கள். ஊசிவால் வாத்து எத்தனை என்று இருவருக்குள் தகராறு வரும். ஒருவர் நூற்றிருபது என்பார், இன்னொருவர் எண்பதைத் தாண்டாது என்பார். கணக்குத் துறைக்காரர் இரண்டு பேரையும் பொருட்படுத்தாமல் தானே பத்துப் பத்தாக எண்ணித் தன் நோட்டில் குறித்துக்கொள்வார். குழுவின் பட்டியலைவிட அவருடைய நோட்டுக்குத்தான் மரியாதை அதிகம்.

முதல் நாளே அவர் எனக்கு ஓர் உபகாரம் செய்தார். ஏரிக்கு வெளியே ஒரு வயல். அதில் கருத்த உடம்பும் கீழே வளைந்த நீண்ட அலகுமாக ஒரு பறவை நடந்துகொண்டிருந்தது. உச்சந்தலையில் குங்குமம் அப்பியதுபோலச் சிவப்பு. சற்றுத் தள்ளி அதன் ஜோடி. ‘பாத்துக்கோங்க, நீங்க பரீட்சைக்குப் படிச்ச அன்றில் இதுதான்னு சொல்றாங்க’ என்றார். குறுந்தொகைப் பாட்டு ஒன்று அன்றிலின் தலைக்கு நெருப்பையும் பெடையின் அலகுக்கு இறாலையும் உவமை சொல்லும். இதை நான் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஹரியானாவின் கடுகு வயலில் நிற்கும்போதுதான் அது உவமை அல்ல, அடையாளக் குறிப்பு என்று புரிந்தது. அறிஞர்கள் இதில் எல்லோரும் உடன்பட்டவர்கள் அல்லர் என்பது வேறு விஷயம். அன்றைக்கு எனக்கு அது போதும்.

சுல்தான்பூர் ஏரியே ஒரு பறவைக் குழுவின் கடிதத்தால் பிழைத்தது என்பது பலருக்குத் தெரியாது. தில்லியில் பறவை பார்ப்போர் சங்கம் 1950-லேயே தொடங்கியது. முன்நின்றவர்களில் ஒருவர் ஹோரேஸ் அலெக்சாண்டர். 1947 ஆகஸ்டில் கல்கத்தாவில் காந்தியோடு தங்கியிருந்த அதே குவேக்கர். இந்திரா காந்திக்கும் அந்தச் சங்கத்தோடு தொடர்பு உண்டு. பின்னாளில் சங்கத்தின் கௌரவச் செயலாளராக இருந்த பீட்டர் ஜாக்சன் ராய்ட்டர் செய்தியாளர், 1953-ல் எவரெஸ்ட் பயணத்தைப் பற்றிச் செய்தி அனுப்பியவர். அவர் பிரதமர் இந்திராவுக்கு எழுதினார். பிரதமர் ஹரியானா முதல்வர் பன்சிலாலிடம் சொன்னார். 1971-ல் சுல்தான்பூர் சரணாலயம் ஆனது, 1991-ல் தேசியப் பூங்கா, 2021-ல் ராம்சர் பட்டியலில் இடம். பரப்பு மொத்தமே சுமார் ஒன்றரை சதுர கிலோமீட்டர். கடிதம் எழுதிய கை நம் தொழில்காரருடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பிரதமருக்குப் பறவை தெரிந்திருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

ஓக்லாவின் கதை இவ்வளவு சுலபமாக முடியவில்லை. எண்பதுகளின் நடுவில் தடுப்பணை கட்டியபோது யமுனை தேங்கியது. பறவைகள் வந்தன. 1990-ல் உத்தரப் பிரதேச அரசு சரணாலயமாக அறிவித்தது. சுற்றிலும் நொய்டா வளர்ந்தது. 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, சுற்றிலும் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் புதிய கட்டடங்களுக்குச் சான்றிதழ் தரக்கூடாது என்றது. பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் பறவைகளைச் சபித்தார்கள். அவர்கள் மீதும் தப்பில்லை. 2015-ல் மத்திய அரசு எல்லையைத் தீர்மானித்தது: மூன்று பக்கங்களில் நூறு மீட்டர், வடக்கே மட்டும் ஒன்றேகால் கிலோமீட்டர் அளவுக்கு. நூறு மீட்டர் என்பது எங்கள் குழு டீ குடிக்க ஒதுங்கும் தூரம்.

சனிக்கிழமைப் பேச்சுகளில் பாதி தூக்கம் வரும் ரகம். ஆப்பிரிக்கா போய் வந்த டாக்டரின் நானூறு படங்களை ஒருமுறை பார்த்து முடித்தோம். ஆனால் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து பேசியது மனதில் நிற்கிறது. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் என்ற கணினித் தொகுப்பில் நம்மைப் போன்றவர்கள் பட்டியல்களைச் சேர்ப்பது எப்படி என்று விளக்கினார். எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று அது கேட்கும். எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான், எழுதாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியும். ‘பார்க்கவில்லை என்பதும் தகவல்தான்’ என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்பதைச் செய்தியாக்கத் தெரியாத தொழிலில் இருப்பவனுக்கு இது புதுசு. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படித்தான் உருவானது. சுமார் முப்பதாயிரம் பேர் தந்த மூன்று கோடிப் பதிவுகள். 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்களுக்கு முதல் கவனம் தேவை என்றார்கள். அதில் சம்பளத்துக்கு எண்ணியவர்கள் சொற்பம்.

கணக்குத் துறைக்காரர் அன்று முன்வரிசையில் இருந்தார். பேச்சு முடிந்ததும் எழுந்து, பழைய நோட்டுகளையும் சேர்க்கலாமா என்று கேட்டார். தாராளமாக என்றார் மாணவி. ‘பாப்போம், நிறைய இருக்கு’ என்று உட்கார்ந்துவிட்டார். கணினியோடு அவருக்கு ஒத்துவரவில்லை.

சென்ற குளிர்காலத்தில் அவர் காலமானார். ஒரு மாதம் கழித்து அவருடைய மகள் ஃபோன் செய்தார். ‘அப்பாவோட நோட்டெல்லாம் மூட்டையா கிடக்கு சார். வீட்டைக் காலி பண்றோம். குழுவிலே கேட்டேன், தமிழா இருக்கு, நீங்கதான் படிப்பீங்கன்னாங்க. எனக்கு அவர் கையெழுத்து சரியா வராது, நான் ஹிந்தி மீடியம்.’ அன்று மாலையே போனேன். அட்டையில் எண் போட்ட நாற்பத்திரண்டு நோட்டுகளில் முப்பத்தெட்டு இருந்தன. பத்தொன்பது முதல் இருபத்திரண்டு வரை, அதாவது 1993 முதல் 1996 வரை, பழைய செய்தித்தாள்களோடு கபாடிக்காரரிடம் போய்விட்டிருந்தன. மறுநாள் அந்தக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தேன். ‘காகிதம் கடையிலே தங்காது சாப்’ என்றார் கடைக்காரர். பரிதாபப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நோட்டுகள் 1974-ல் தொடங்குகின்றன. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், ஆபீஸ் வாழ்க்கை முழுக்க ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவர், பறவையை மட்டும் சிறுவயதில் கேட்ட பெயரில்தான் எழுதியிருக்கிறார். தேதி, இடம், போன பஸ் நம்பர், ஏரியை அடைந்த நேரம், கிளம்பிய நேரம் எல்லாம் உண்டு. தணிக்கைக்குத் தயாராக இருக்கிறது. குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. இருபது ஆண்டாக மொழிபெயர்க்கிறேன். இவ்வளவு பயத்தோடு எதையும் பெயர்த்ததில்லை.

நாமக்கோழியில் சிக்கல் இல்லை. கொண்டலாத்தி, ஆள்காட்டி, பவளக்காலி எல்லாம் சமர்த்துகள். செங்கால் நாரையில் மாட்டிக்கொண்டேன். சத்திமுத்தப் புலவர் தூது விட்டது ஐரோப்பா பக்கமிருந்து வலசை வரும் வெள்ளை நாரையைத்தான் என்று வாதிட்டவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். ஆனால் நோட்டில் ‘செங்கால் நாரை 60, மிருகக்காட்சிசாலைக் குளம்’ என்று ஆகஸ்ட் மாதத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் வலசை நாரைக்கு இங்கே வேலை இல்லை. தில்லி மிருகக்காட்சிசாலைக் குளத்து மரங்களில் 1960 முதல் மழைக்காலந்தோறும் வந்து கூடு கட்டுவது மஞ்சள் மூக்கு நாரை. கூண்டுப் பறவையல்ல, தானாக வருவது. அதற்கும் கால் சிவப்புத்தான். ஆக, இவர் அகராதியில் செங்கால் நாரை என்றால் மஞ்சள் மூக்கு நாரை என்று முடிவு கட்டி ஐந்து நோட்டுகளை ஓட்டிவிட்டேன். ஆறாவது நோட்டில், பிப்ரவரி மாதம், சுல்தான்பூர்: ‘செங்கால் நாரை 2. வேற மாதிரி.’ அவ்வளவுதான். வேற மாதிரி என்றால் என்ன மாதிரி? வெள்ளை நாரை என்று எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. ஈபேர்டில் ‘நாரை, இனம் தெரியவில்லை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் போட்டேன். ‘ஒருவகைப் பறவை’ என்று எழுதிப் பழகிய கைதான். இந்தமுறை அதை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சிரமம் தராத பக்கங்கள்தான் அதிகம் வலிக்கின்றன. எண்பதுகள் முழுக்க ஓக்லாவிலும் சுல்தான்பூர் வழியிலும் ‘பிணந்தின்னிக் கழுகு: நிறைய’ என்று எழுதியிருக்கிறார். வாத்தைப் பத்துப் பத்தாக எண்ணியவர் இதை ஒருமுறைகூட எண்ணவில்லை. காக்கையை யார் எண்ணுவார்கள்? அந்தக் காலத்தில் இதுவும் அப்படித்தான். பிறகு மாட்டுக்குக் கொடுத்த டைக்லோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது என்று கணக்கிட்டார்கள். மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்துக்கு 2006-ல் தடை வந்தது. அவர் கண்ணெதிரே எண்ணிக்கை சரிந்த ஆண்டுகள் எந்த நோட்டுகளில் இருந்தன என்பதைத்தான் மேலே சொன்னேனே. இருபத்துமூன்றாம் நோட்டில் முதல்முறையாக எண் வருகிறது: ‘பிணந்தின்னி 3’.

‘நிறைய’ என்பதைக் கணினி ஏற்பதில்லை. எண் தெரியாவிட்டால் எக்ஸ் என்று தட்டவேண்டும், பறவை இருந்தது என்று மட்டும் பொருள். ஒரு வார இறுதியில் நாற்பத்தேழு எக்ஸ் தட்டினேன்.

பத்து நோட்டுகள் முடிந்திருக்கின்றன. பல் மருத்துவர் உதவிக்கு வருகிறார். நான் படிக்கிறேன், அவர் தட்டுகிறார். ஞாயிறுகளில் வெளியே போவது குறைந்துவிட்டது என்று குழுவில் புகார். பதினொன்றாம் நோட்டு 1986 மார்ச்சில் தொடங்குகிறது. புது அணைக்குப் பின்னால் சேறும் தண்ணீரும், பஸ்ஸை விட்டு இறங்கியது காலை 7.10. முதல் வரி: ‘உள்ளான் 14.’ நம் ஊரில் சேற்றில் ஓடும் சின்னப் பறவை பாதிக்கு உள்ளான் என்றுதான் பெயர்.

எந்த உள்ளான் சார்?