எளிய கணக்குக்குத்தான் பயிற்சி வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பி.எட். கணிதம் படிக்கும் தம்பி தங்கைகளும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் நண்பர்களும் பொறுமையாகப் படித்தால் மகிழ்வேன்.

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த நெறிமுறைகளுக்குப் பிறகு இரண்டாண்டு ஆனது. 2020 தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைச் சொல்கிறது. விவாதமெல்லாம் எத்தனை ஆண்டு என்பதிலேயே சுற்றுகிறது. அந்த ஆண்டுகளில் ஒரு கணக்கு ஆசிரியருக்கு என்ன சொல்லித் தருகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எட். கணிதப் பிரிவில் இருப்பவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள எண்கள், புள்ளியியல் பாடங்களை மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டும். விடை கண்டுபிடிப்பதற்காக அல்ல. ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக.

"அதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா சார்? பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுத்தானே வருகிறார்கள்?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடத் தெரியும். போடத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இலேயே இந்த வேறுபாட்டை எடுத்து வைத்தார். பாட அறிவு ஒன்று, பொதுவான கற்பித்தல் முறை ஒன்று, இரண்டுக்கும் நடுவில் 'இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பது' என்ற தனி அறிவு ஒன்று உண்டு என்றார். நம் கல்லூரிகளில் முதலாவது பி.எஸ்ஸி.யோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவதைத் தாள் தாளாகப் படிக்கிறார்கள். மூன்றாவதுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

லிபிங் மா என்பவர் சீனாவில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். 1999-இல் வந்த அவருடைய நூல் உலகெங்கும் கணக்கு ஆசிரியர்களிடையே பேசப்பட்டது. 23 அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன? அதற்கு ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே சரியான விடை சொன்னார்கள். சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் எல்லோரும் விடை சொன்னார்கள், பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். இத்தனைக்கும் அமெரிக்கர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களோ பள்ளியும் பயிற்சியும் சேர்த்து 11, 12 ஆண்டுகள் படித்தவர்கள். பட்டம் கூடியதால் மட்டும் இந்த அறிவு வந்துவிடாது.

இதே கேள்வியை நம் பி.எட். வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நொடியில் மூன்றரை என்பார்கள். கதை சொல்லச் சொன்னால், "ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பிரி" என்று சிலராவது சொல்வார்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல. "ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் எத்தனை பாக்கெட்?" என்பதுதான் அரையால் வகுப்பது. மூன்று முழுப் பாக்கெட், ஒரு பாதிப் பாக்கெட். வகுத்தால் விடை பெரிதாகுமா என்று விழிக்கும் பிள்ளைக்கு இந்தப் பால் பாக்கெட் போதும்.

நம் மொழியிலேயே இதற்கு வழி இருக்கிறது. கால் என்றால் நான்கில் ஒன்று. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. அரையையும் காலையும் பெருக்கினால் வருவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. காணி என்றால் எண்பதில் ஒன்று, அரைக்காணி நூற்று அறுபதில் ஒன்று. பெருக்கினால் எப்போதும் பெரிதாகும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, தாத்தா பாட்டி பேசிய சொல்லே பதில் சொல்கிறது. எத்தனை பயிற்சிக் கல்லூரிகளில் இதைச் சொல்லித் தருகிறோம்?

வகுப்பறையில் கட்டாயம் வரும் கேள்விகள் இன்னும் சில உண்டு.

0.35 பெரிதா, 0.4 பெரிதா? 35 பெரிது, ஆகவே 0.35 என்பான் பையன். அது அசட்டை இல்லை. முழு எண்ணில் இத்தனை நாள் சரியாக இருந்த விதியை இங்கேயும் கொண்டுவருகிறான். 'தப்பு' என்று அடித்தால் விடை மட்டும் மாறும், எண்ணம் மாறாது. அதற்குமேல் கிரிக்கெட் வேறு குழப்பும். 4.3 ஓவரும் 2.4 ஓவரும் சேர்ந்தால் 6.7 ஓவர் அல்ல, 7.1 ஓவர். 27 பந்தும் 16 பந்தும் சேர்ந்து 43 பந்து. அங்கே இருக்கும் புள்ளி தசமப் புள்ளியே அல்ல. இதை ஆசிரியரே எடுத்து வைத்தால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். இடமதிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குப் புரியும்.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன்? 'விதி அப்படி' என்பது பதில் ஆகாது. 3 × (-2) = -6. 2 × (-2) = -4. 1 × (-2) = -2. 0 × (-2) = 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு கூடுகிறது. அடுத்த படி (-1) × (-2). அது என்னவாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

எட்டாம் வகுப்பு வரை பை என்றால் 22/7 என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் பை ஒரு விகிதமுறா எண் என்கிறோம். 22/7 பின்னமாகத்தானே இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டால் அவள் நன்றாகப் படிக்கிறாள் என்று பொருள். 22/7 என்பது பையின் மதிப்புக்கு நெருங்கிய எண், பை அல்ல. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

புள்ளியியலுக்கு வருகிறேன். இங்கே நிலைமை இன்னும் மோசம். எண்களையாவது கணக்கு என்று மதிக்கிறோம். புள்ளியியல் நம் பள்ளிகளில் 'மார்க் வாங்கும் பாடம்'. அட்டவணை போடு, சூத்திரத்தில் பொருத்து, விடையை எழுது. நேரடி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை என்று மூன்று வழியில் ஒரே சராசரியைக் கண்டுபிடிக்கிறோம். அந்தச் சராசரி எதைச் சொல்கிறது என்று ஒரு வழியிலும் கேட்பதில்லை.

பயிற்சிக்கு வந்த ஒரு மாணவ ஆசிரியரின் வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வீடுகளில் 2, 3, 1, 2, 4 குழந்தைகள். சராசரி 2.4. ஒரு பையன் எழுந்து, "அந்தப் புள்ளி நாலு குழந்தை யார் வீட்டுல சார் இருக்கும்?" என்றான். வகுப்பே சிரித்தது. "சிரிக்காதீங்க, அடுத்த கணக்கு" என்று போர்டு பக்கம் திரும்பினார் அந்தத் தம்பி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கெட்டியான பாடக்குறிப்பு இருந்தது, சார்ட் இருந்தது. இந்தக் கேள்விக்கு யாரும் அவரைத் தயார் செய்யவில்லை. அந்த வகுப்பில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். சராசரி யார் வீட்டிலும் இருக்க வேண்டிய எண் அல்ல. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் கிடைக்கும் எண். ஐந்து பேர் கையில் 2, 3, 5, 7, 8 புளியங்கொட்டைகள் கொடுத்துச் சமமாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னால், சூத்திரம் சொல்லாமலே 5 வந்துவிடும்.

அடுத்த கேள்வி, சராசரி எப்போது ஏமாற்றும்? ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது தொழிலாளர்களுக்குத் தலா 12,000 ரூபாய், மேலாளருக்கு 1,92,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிச் சம்பளம் 30,000. கணக்கு சரி. ஆனால் அங்கே 30,000 வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. இடைநிலை அளவு 12,000. வேலை தேடிப் போகும் பிள்ளைக்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம். வர்க்கமூலம் வரை பிள்ளைகள் பிழையில்லாமல் போடுகிறார்கள். அது எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. நான் பேருந்தை வைத்துச் சொல்வேன். ஒரு பேருந்து ஐந்து நாளில் 4, 5, 5, 6, 5 நிமிடம் தாமதம். இன்னொன்று 0, 15, 0, 10, 0 நிமிடம். இரண்டுக்கும் சராசரித் தாமதம் 5 நிமிடம்தான். பரீட்சை நாளன்று எதில் போவாய்? எல்லாக் கையும் முதல் பேருந்துக்கே தூக்கும். பிறகு திட்ட விலக்கம் போடச் சொன்னால் முதலாவதற்கு 0.63, இரண்டாவதற்கு 6.32. பத்து மடங்கு. மனதில் பட்டதை எண்ணால் சொல்ல முடிகிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இதில் ஆசிரியர்களாகிய நம் தலைக்கே வருகிற விஷயம் ஒன்றும் உண்டு. தேர்ச்சி விழுக்காடு. ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் எட்டே பிள்ளைகள். ஒருவர் தவறினால் 87.5. அடுத்த ஆண்டு இருவர் தவறினால் 75. '12.5 சரிவு' என்று மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். கூடுதலாகத் தவறியது ஒரே ஒரு பிள்ளை. 400 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளைக்கு 0.25-தான் குறையும். இரண்டையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது என்ன நியாயம்?

இன்னொன்றும் பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பள்ளியில் ஆங்கில வழியில் 20 பேருக்கு 19 பேர் தேர்ச்சி, 95 விழுக்காடு. தமிழ் வழியில் 80 பேருக்கு 64 பேர், 80 விழுக்காடு. இரண்டாவது பள்ளியில் ஆங்கில வழியில் 80 பேருக்கு 72 பேர், 90 விழுக்காடு. தமிழ் வழியில் 20 பேருக்கு 15 பேர், 75 விழுக்காடு. இரண்டு வழியிலும் முதல் பள்ளியே மேல். மொத்தத்தில் பார்த்தால் முதல் பள்ளி 83, இரண்டாவது 87. விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது முதல் பள்ளிக்கு! எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது மொத்தத்தைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. இதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? எடுத்துச் சொல்ல அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாளைப் பள்ளிதோறும் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். மகிழ்ச்சி. ஜூன் 29 மகலனோபிஸ் பிறந்தநாள், தேசியப் புள்ளியியல் நாள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கியவர் அவர். அந்த நாள் வருவதும் போவதும் நம் பள்ளிகளில் தெரிவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு ஒன்றும் வேண்டாம்.

முதலாவது, பி.எட். முதல் பருவத்திலேயே ஆறு முதல் பத்து வரையுள்ள கணக்குப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படிக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இரண்டாவது, பயிற்சிக்காகப் பள்ளிகளில் 20 வாரம் இருக்கிறார்கள். சார்ட்டும் ரெக்கார்டும் பாதியாகக் குறையட்டும். அதற்குப் பதில் ஒரு தவறு நோட்டு. பிள்ளைகள் எழுதிய தவறான விடை, அதற்குப் பின்னால் இருந்த யோசனை, அதைச் சரிசெய்யக் கேட்ட கேள்வி என்று மூன்று பத்தி. நூறு தவறுகளைச் சேர்த்தவர் தைரியமாக வகுப்புக்குப் போகலாம்.

மூன்றாவது, புள்ளியியலைப் புத்தகத்து அட்டவணையில் தொடங்கக் கூடாது. வருகைப் பதிவேடு, சத்துணவு சாப்பிட்டவர்கள் எண்ணிக்கை, பிள்ளைகள் பள்ளிக்கு வந்துசேர ஆகும் நேரம் என்று பள்ளியிலேயே தரவு கொட்டிக் கிடக்கிறது. மாணவ ஆசிரியர் ஒரு கேள்வியை எடுத்து, தரவு திரட்டி, முடிவு சொல்லிப் பழகட்டும். தானே தரவு திரட்டியவருக்குத்தான் அதில் எத்தனை ஓட்டை இருக்கும் என்று தெரியும்.

"பொதுத்தேர்வில் இதெல்லாம் கேட்க மாட்டார்களே சார்" என்பார்கள். உண்மைதான், வினாத்தாளும் மாற வேண்டும். ஆனால் காரணம் புரிந்த பிள்ளை சூத்திரத்தை மறந்தாலும் மீண்டும் வந்துசேரும். மனப்பாடம் செய்த பிள்ளை ஓர் இடத்தில் தடுக்கினால் அங்கேயே நின்றுவிடும். "நேரமில்லை" என்பார்கள். புரியாததை மூன்று முறை நடத்தும் நேரத்தைவிடப் புரியும்படி ஒரு முறை நடத்தும் நேரம் குறைவு.

'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லும் பெரியவர்களிடம் எந்த வகுப்பில் விட்டுப்போனது என்று விசாரித்துப் பாருங்கள். பலர் பின்னம் என்பார்கள், குறை எண் என்பார்கள். கடினமான பாடத்தில் அவர்களை நாம் இழக்கவில்லை. எளிது என்று நாம் வேகமாகத் தாண்டிப்போன இடத்தில்தான் இழந்திருக்கிறோம்.

இந்த ஆண்டு பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளே, கல்லூரி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளைகள் சொல்லும் முதல் தவறான விடையை அதில் எழுதி, பக்கத்தில் "ஏன் இப்படி நினைத்தாய்?" என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுதுங்கள்.