கரம்பையோடு வயலுக்கு வரும் பாலித்தீன்

மதிப்பிற்குரிய உயர் அதிகாரி அவர்களுக்கு, மதுரை விளாங்குடியிலிருந்து.

எங்கள் பகுதிக் கண்மாயில் சேரும் குப்பையைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தோம். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதிலும் வந்தது. குப்பை அப்படியே கிடக்கிறது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். 2019 ஜனவரியில் வந்த பிளாஸ்டிக் தடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வயலைப் பற்றிச் சொல்கிறேன்.

கோடையில் கண்மாய் வற்றியதும் கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்பது மதுரைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் மண் அது. எனக்குத் தெரிந்த சம்சாரி ஒருவர் டிராக்டர் பிடித்துத் தன் வயலுக்குக் கரம்பை அடித்தார். கட்டியை உடைத்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பாலித்தீன். பால் கவரின் மூலை, ஷாம்பு பாக்கெட், ஓட்டல் சாம்பார் கட்டிய கவர், சிமெண்டுச் சாக்கின் நரம்பு. பெரிய துண்டுகளை அவர் மனைவி பொறுக்கிக் கூடையில் போட்டார். வெயிலில் இற்றுப்போன கவரோ விரல் பட்டதுமே செதில் செதிலாக உதிர்ந்தது. அதை எப்படிப் பொறுக்குவது? ரொட்டாவேட்டர் ஓட்டியதும் மிச்சமிருந்ததும் நொறுங்கி மண்ணோடு கலந்துவிட்டது.

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய இந்தத் துணுக்குகளைத்தான் நுண்நெகிழி என்கிறார்கள். இவை மக்குவதில்லை, இன்னும் சிறிதாகிக்கொண்டே போகும். மண்ணின் பொலபொலப்பையும் நீர்ப்பிடிப்பையும் மாற்றுகின்றன. மண்புழு இவற்றை விழுங்கி ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அளவு கூடினால் புழுவின் வளர்ச்சி குன்றுவதும், அது மடிவதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கடலில் உள்ளதைவிட நிலத்தில்தான் நுண்நெகிழி அதிகம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2021-இலேயே எச்சரித்துவிட்டது. கடலாமையின் வயிற்றில் பை கிடந்தால் பதறுகிறோம். சோறு போடும் நிலத்துக்காகப் பதற யார் இருக்கிறார்கள்?

வழி தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடலாம் என்று காட்டியவர் இதே மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தெருவிலேயே குப்பையைத் தரம் பிரித்து வாங்கி அப்படிப் பயன்படுத்தியிருந்தால், வயலில் கிடந்த அந்தக் கவர் வாய்க்காலுக்கே வந்திருக்காது. விளாங்குடி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-இல். வரி நகரத்துக்குப் போகிறது. நகரத்தின் குப்பை எங்கள் கண்மாய்க்கு வருகிறது.

வரத்துக்கால்வாயில் கம்பி வலை போட எத்தனை கோடி வேண்டும்? கரம்பை அள்ள அனுமதி தரும்முன் கண்மாய்க்குள் இறங்கிப் பார்க்க எத்தனை கோப்பு நகர வேண்டும்? குப்பை கொட்டுகிறவரை நாங்கள் பிடித்துக் கொடுத்தாலும் அபராதம் போட யாரும் வருவதில்லை. பிறகு எதற்கு அந்த நாற்காலி?

சாலையில் குழி விழுந்தால் அடைக்கலாம். குழாய் உடைந்தால் மாற்றலாம். மண்ணில் கலந்த தூளைப் பிரித்தெடுக்க எந்த இயந்திரமும் இல்லை. ஒவ்வொரு கோடையும் நீங்கள் கோப்பை மட்டும் தள்ளிப்போடவில்லை; இன்னும் சில வயல்களைத் திருப்பித் தர முடியாதபடி கெடுக்கிறீர்கள். அந்த வயலில் விளையும் நெல் உங்கள் வீட்டு அடுப்புக்கும் வரும். அடுத்த கரம்பை அள்ளும்முன் கண்மாயைச் சுத்தம் செய்யுங்கள். முடியாதென்றால், யாரால் முடியும் என்று எழுத்தில் சொல்லுங்கள். அவரிடம் போய்க் கேட்கிறோம்.

இப்படிக்கு,
விளாங்குடிவாசி ஒருவர்