உள்ளிருந்து அரிக்கும் துரு

இரும்பு துருப்பிடித்தால் மழையையும் ஈரக்காற்றையும் குறை கூறுவது நம் வழக்கம். ஆனால் மோட்டார் காரின் புகைக்குழாய் உள்ளிருந்தும் அரிக்கப்படுகிறது. அரிக்கும் நீரை எஞ்சினே உண்டாக்குகிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடுவதால், 1 லிட்டர் பெட்ரோல் எரிகையில் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. வியப்பாக இருக்கிறதல்லவா?

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இன்றும் அதைப் பேணி வைத்திருப்போர் பலர். விடுமுறை நாளில் சிறிது தொலைவு மட்டும் ஓட்டி நிறுத்திவிட்டால், குழாய் முழுவதும் சூடேறுவதில்லை. எஞ்சினுக்கு மிகத் தொலைவிலுள்ள பின் சைலன்சரில் ஆவி குளிர்ந்து நீராகிறது. புகையிலுள்ள அமிலங்களையும் கரைத்துக்கொண்டு அங்கேயே தேங்குகிறது. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க அந்நாட்டுச் சாலைகளில் தூவப்படும் உப்போ, வெளிப்புறத்தை அரிக்கிறது.

ஓட்டை விழுந்தால் ஓசை பெருகும். அது தொல்லை மட்டுமே. கார்பன் மோனாக்சைடோ உயிருக்கே உலை வைப்பது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். பழைய கார்களில் அடித்தளத் தகடும் துருப்பிடித்திருக்குமாதலால், நச்சுக்காற்று உள்ளே புக வழி எளிது. பயணத்தில் தலைவலியும் மயக்கமும் தோன்றினால் உடனே வண்டியை நிறுத்தி, அனைவரும் வெளிக்காற்றுக்கு வருதல் வேண்டும். கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் ஒருபோதும் ஆகாது.

மெலிந்துபோன குழாய்க்கு ஒட்டுப்போடுவது வீண். பற்றவைப்பைத் தாங்க அதில் உலோகமே மீதியிராது. முழுவதையும் மாற்றுவதே முறை. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் படுத்தல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்தல் வேண்டும். இறுகிய நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம். பழைய கேஸ்கட்டையும், வெடித்த ரப்பர்த் தாங்கிகளையும் கூடவே மாற்றிவிடுக. புதிய குழாய்களை முதலில் தளர்வாகத் தொங்கவிட்டு, எங்கும் உரசாதவாறு நேர்செய்த பின்னரே எல்லா இணைப்புகளையும் இறுக்குதல் நன்று. எஞ்சினைத் தொடங்கியதும் குழாய் சூடேறுமுன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டெனத் தெளியலாம்.

துருவேறா எஃகுக் குழாய்க்கு விலை கூடுதல். ஆயினும் அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலமாக அமைவதால் நெடுங்காலம் உழைக்கும்.

குழாய் எதுவாயினும், அவ்வப்போது வண்டியை நெடுந்தொலைவு ஓட்டுதல் நலம். குழாய் முழுவதும் சூடேறித் தேங்கிய நீர் ஆவியாகிப் போகும். ஓசை மாறியது என்று காது சொன்னால், அன்றே குனிந்து பாருங்கள்.