மலையும் மழையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நாம் தொல்காப்பியத்துப் பிறப்பியலைத் தேர்வின் பொருட்டு ஓதுகின்றோம். அவ்வியலின் பொருளை நூலின்றி, நூற்பாவின்றி, தம் நாவினாலேயே பயிலும் சிறார் சிலரை, இக்கட்டுரை எழுதும் இவ்வாரத்தில், அம்பத்தூரை அடுத்த தொடக்கப்பள்ளியொன்றிற் கண்டேன். அக்காட்சியால் எழுந்த கருத்தொன்றை ஈண்டு உரைக்க விரும்புகின்றேன்.

பெருநோய்ப் பரவலால் 2020 மார்ச்சு மாதத்தில் அடைபட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் நாளே மீண்டும் திறக்கப்பெற்றன. இடையில், எழுத்தறியாமலே வகுப்பேறிய சிறார் பலர். அக்குறை நீக்குவான் வேண்டி, ஆவடியும் பூவிருந்தவல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் 13-ஆம் நாள் 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. முதல் மூன்று வகுப்புகட்கென எழுந்த அது, மறு கல்வியாண்டில் நான்காம் ஐந்தாம் வகுப்புகட்கும் விரிந்தது. வயதை நோக்காது அறிந்த அளவை நோக்கி, மாணாக்கரை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராகக் கொண்டு, பாட்டானும் ஆடலானும் படத்தானும் பயிற்றுதல் அதன் முறையாகும்.

யான் சென்ற வகுப்பில் இவ்வாரப் பாடம் லகர, ழகர, ளகர வேறுபாடு. சாளரத்தின் புறத்தே மழை தூறிற்று. அரும்பு நிலையில் அமர்ந்திருந்த எட்டு வயதுச் சிறுமியொருத்தி எழுந்து, "டீச்சர், மலை பெய்யுது!" என்றாள். அவள் பெற்றோர் பீகாரினின்று வந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் கூலி வேலை செய்பவர். வகுப்பு முழுதும் நகைத்தது. நாணத்தோடு உரைக்கின்றேன், யானும் நகைத்தேன். சிறுமி முகங்கவிழ்ந்து அமர்ந்துவிட்டாள். ஆசிரியையோ ஒருவரையுங் கடிந்திலர். மிகுதியாய் நகைத்த உள்ளூர்ச் சிறுவனை அழைத்து, "எங்கே, வாழைப்பழம் சொல்லு பார்ப்போம்" என்றார். அவன், "வாயப்பயம்" என்றான். நகை அடங்கிற்று. பின்னர் அனைவரையும் நாவின் நுனியை மேலே வளைக்கச் செய்து, ஒவ்வொருவர் வாயையும் உற்றுநோக்கிப் பயிற்றினார்.

நாவின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தடவ ழகரம் பிறக்கும். நாவிளிம்பு தடித்துப் பல்லினடியைச் சார்ந்து, அண்ணத்தை ஒற்றின் லகரமும், வருடின் ளகரமும் பிறக்கும் என்பது தொல்காப்பியனார் கொள்கை. இதனை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்ற யான் நகைத்தேன். இதனை எட்டு வயதுக் குழந்தையின் நாவில் நிகழ்த்த முயன்றவர் அவ்வாசிரியை. எவர் கல்வி பெரிது? கல்லூரியாசிரியராதலையே கனவு காணும் நம்மனோர், அரிச்சுவடி கற்பிப்பாரை ஒருபடி தாழவே எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் ஒழிதல் வேண்டும்.

"இன்றோ நாளையோ ஊர் திரும்பும் குழந்தைக்குத் தமிழெழுத்து எற்றுக்கு?" என்பார் உளர். இன்று அவள் வாழுமிடம் இவ்வூரன்றோ? பேருந்தின் பெயர்ப்பலகையும், மருந்துச் சீட்டும், தந்தையின் கூலிக் கணக்கும் அவ்வீட்டில் முதன்முதற் படிக்கப்போகும் கண்கள் அவளுடையவையே. அயலார் தமிழ் கற்றதனாற் பெற்ற பயனை நாம் அறியாதவரல்லேம். 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், உள்ளூர்ச் சிறுவர் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதியே நம் நெடுங்கணக்கைக் கற்றார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முற்றுப்பெற்றது அவர் உழைப்பினாலேயே. அன்று அவரும் ஓர் அரும்பே.

நிலை பகுத்தலால் தாழ்வு மனம் விளையும் என்பது மற்றொரு தடை. அதனை யான் முற்றும் மறுக்கவில்லை. "உன் பிள்ளை இன்னும் அரும்புதானா?" என்று தாயர் தம்முள் வினவக் கேட்டேன். அரும்பு என்பது ஏறிச் செல்லும் படியாதல் வேண்டும். இருத்திவைக்கும் இடமாதல் கூடாது. அதற்குக் குழந்தைதோறும் தனித்து நோக்கும் கண் வேண்டும். பல நிலைச் சிறாரை ஒருங்கே வைத்துள்ள ஆசிரியர் ஒருவரால் இஃது எளிதில் இயலுமோ? இங்கேதான் நம் கடமை தொடங்குகின்றது. சிறு பிள்ளைகளைத் தம்மண்டை வரவிடச் சொன்ன ஆண்டவரின் பெயரால் எழுந்த கல்லூரியிற் பயிலும் நாம், தலைமையாசிரியர் இசைவோடு, வாரத்தில் ஒரு மணி நேரம் அண்மையிலுள்ள தொடக்கப்பள்ளிக்குச் சென்று, ஒரு குழந்தையின் அருகே அமர்தல் அரிதன்று. நம் தமிழ்ச் சங்கம் இதனைத் தன் ஆண்டுப் பணியாக ஏற்குமாக.

வெள்ளிக்கிழமை மீண்டுஞ் சென்றேன். அச்சிறுமி கரும்பலகையில் 'மழை' என்று பிழையற எழுதினாள். வாய்திறந்து "மளை" என்று படித்தாள். ஒருவரும் நகைத்திலர். லகரத்தினின்று ளகரம்வரை வந்துவிட்ட நாவிற்கு ழகரம் இன்னும் ஒரு வளைவே. அவ்வளைவுவரை அவளுடன் இருப்பார் ஒருவர் வேண்டும். அவ்வொருவர் நம்முள் ஒருவராகுக!