கிதார் காதைக் கிழிக்கிறதா? ஒரு துண்டு வயர் போதும்!

வீட்டில் பிள்ளைகள் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கும்போது காது கூசுகிறதா? புது பிக்கப் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இதைப் படியுங்கள்.

1954-ல் ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்கள், மூன்று குமிழ்கள். ஒன்று வால்யூம். மற்ற இரண்டும் கழுத்துப் பக்க, நடு பிக்கப்களுக்கான டோன். இயல்பிலேயே கூர்மையாக ஒலிக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழே இல்லை! இன்றும் பல கிதார்களில் இதே வயரிங்தான்.

ஸ்விட்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளி, டோன் குமிழ்களைத் திருகிப் பாருங்கள். ஒலி மாறவில்லையா? ஸ்விட்சில் நடு பிக்கப்பின் டோன் வயர் பற்றவைத்த முனையை, அதே வரிசையில் காலியாக இருக்கும் பிரிட்ஜ் முனையோடு சிறு வயரால் இணைத்தால் போதும். இரண்டாவது டோன் குமிழ் இனி இரண்டுக்கும் வேலை செய்யும். குமிழைக் குறைத்தால், கூசவைக்கும் உச்ச ஒலிகளை கெபாசிட்டர் கிரவுண்டுக்கு அனுப்பிவிடும்.

கவனம்: முதலில் ஆம்ப் கேபிளைக் கழற்றுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள். பழைய வயரிங்கை மொபைலில் போட்டோ எடுத்துவையுங்கள். சால்டரிங் பழக்கமில்லை என்றால் கிதார் சர்வீஸ் செய்பவரிடம் கொடுங்கள். மாற்றம் பிடிக்கவில்லையா? அந்த வயரை எடுத்துவிட்டால் கிதார் பழையபடி ஆகிவிடும்!