மென்பொருள் பார்த்துக்கொள்ளாது

மருத்துவக் கல்லூரிகளில் தீசிஸ் எழுதும் பருவம் வந்துவிட்டால் ஒரு வாசகமும் கூடவே வந்துவிடும்: "டேட்டாவைப் போட்டால் போதும், மிச்சத்தை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்." பயிலரங்க மேடையில் இதைச் சொல்கிறார்கள். அழைப்பிதழில் அச்சடிக்கிறார்கள். தீசிஸை முடித்த சீனியர் ஜூனியருக்கு இதையே உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. எம்.டி., எம்.எஸ். பட்டத்துக்கு ஆய்வேடு கட்டாயம். அதில் வரும் முடிவு நாளை கட்டுரையாகும், கட்டுரை சிகிச்சை முறையாகும், சிகிச்சை ஒரு மனிதரின் உடம்பில் இறங்கும். இந்தப் பாதையின் நடுவே இருக்கும் பகுப்பாய்வை மட்டும் யாரும் கவனிக்க வேண்டாம் என்பது பொறுப்பற்ற பேச்சு. அந்தப் பேச்சுக்கு அவர்கள் கொடுக்கும் முட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டேட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் எல்லாம் உலகம் முழுவதும் பயன்படுபவை, அவை கணக்கில் தவறாது என்பது முதல் முட்டு. கணக்கில் தவறாது, இருக்கட்டும். மருத்துவ ஆய்வுகள் சறுக்கி விழும் இடம் கூட்டல் பெருக்கல் இல்லையே.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 240 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு, வீடு திரும்பிய பிறகும் மூன்று மாதம் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர்களின் துணை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, செவிலியர் துணை பெற்றவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையிலோ அவசரப் பிரிவிலோ சேர்ந்தது ஆளுக்குச் சராசரி 0.72 முறை; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 1.40 முறை. ஏறக்குறைய பாதி. எந்த மருத்துவமனை நிர்வாகமும் உடனே பின்பற்ற நினைக்கும் முடிவு.

2019 அக்டோபரில் அந்தக் கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்றார்கள். அதே தரவை வைத்து அடுத்தகட்டப் பகுப்பாய்வு செய்தபோது உண்மை தெரிந்திருந்தது. எந்த நோயாளி எந்தப் பிரிவு என்பதைக் குறிக்கும் மாறி முதலில் 1, 2 என்று இருந்தது. பகுப்பாய்வு வசதிக்காக அதை 0, 1 என்று மாற்றியபோது தலைகீழாக மாற்றிவிட்டார்கள். செவிலியர் துணை பெற்றவர்கள்தான் 1.40 முறை போயிருந்தார்கள், பெறாதவர்கள் 0.72 முறை. நன்மை என்று உலகத்துக்கு அறிவித்த திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான் அதிக அவதிப்பட்டிருக்கிறார்கள்.

இதில் மென்பொருள் செய்த பிழை என்ன? ஒன்றுமில்லை. கொடுத்த எண்களுக்கு மிகச் சரியான சராசரி, மிகச் சரியான பி மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு. 1 என்பது செவிலியர் துணை பெற்ற நோயாளியா, பெறாத நோயாளியா என்று அதற்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ஜாமாவின் மதிப்பீட்டாளர்கள் கண்ணிலும் இது படவில்லை, ஏனென்றால் அட்டவணையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இந்தப் பிழையைப் பிடிக்கும் வேலை மிகச் சிறியது: பழைய மாறியையும் புதிய மாறியையும் எதிரெதிரே வைத்து ஒரு குறுக்கு அட்டவணை போட்டுப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. ஆனால் அதைச் செய்ய வேண்டும் என்று மனிதருக்குத்தான் தோன்ற வேண்டும். அந்த ஆய்வாளர்கள் நேர்மையானவர்கள். தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே சொன்னார்கள். நம் ஊரில் பட்டம் வாங்கியதும் அலமாரிக்குப் போய்விடும் தீசிஸ்களில் எத்தனை இப்படித் தலைகீழாக நிற்கின்றன என்பதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. எந்தப் புற்றுநோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து பலிக்கும் என்று மரபணுச் செயல்பாட்டை வைத்தே சொல்லிவிடலாம் என்று 2006இல் நேச்சர் மெடிசின் இதழில் கட்டுரை வந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் இருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்ற இரண்டு பகுப்பாய்வாளர்கள் அந்தத் தரவை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரிசை கீழே நழுவியிருந்தது. கட்டுரை சொன்ன மரபணு ஒன்று, தரவு சொன்ன மரபணு அதற்குப் பக்கத்தில் இருந்த வேறொன்று. சில மருந்துகளில், மருந்துக்குக் கட்டுப்படும் செல்கள், கட்டுப்படாத செல்கள் என்ற அடையாளமே இடம் மாறிக் கிடந்தது. அப்படியானால் பலிக்காத மருந்தை நோயாளிக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதாக ஆகும். அந்தப் பகுப்பாய்வாளர்கள் எச்சரித்தும், அந்தக் கணிப்பை வைத்து நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட மருத்துவப் பரிசோதனைகள் 2010 வரை முழுதாக நிற்கவில்லை. கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுக் குழுவில் ஒருவர் பொய்யான தரவைச் சேர்த்திருந்தார் என்று 2015இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு சொன்னது. நழுவிய வரிசைக்கும் மென்பொருள் விடை கொடுத்தது, பொய்த் தரவுக்கும் அதே மரியாதையோடு விடை கொடுத்தது.

ஆய்வு நோயாளிகளின் விவரங்களை வரிசையாகப் பதியும் நம் மாஸ்டர் சார்ட்டுகளுக்கு வருகிறேன். வயது தெரியாத இடத்தில் 99 என்று போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது விடுபட்ட விவரம் என்று மென்பொருளுக்குத் தனியாகச் சொல்லாவிட்டால், 99 வயதுக் கிழவராகவே அது எடுத்துக்கொள்ளும். 100 பேரில் ஐந்து பேருக்கு வயது தெரியவில்லை, மற்ற 95 பேரின் சராசரி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சாகி வரும் சராசரி 47.7. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் ஆபத்து.

எக்செல் தெரிந்தால் போதும் என்பது இரண்டாவது முட்டு. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016இல் வந்த ஆய்வு காட்டியது. இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில், பழைய எக்செல் கோப்பின் வரிசை வரம்பு நிரம்பிப்போனதால் 15,841 பேரின் கொரோனா முடிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமானது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது முட்டு: உள்ளே முன்கூட்டியே பொருத்தி வைத்திருக்கும் தேர்வுகளை, டிஃபால்ட்டுகளை, மேதைகள் தீர்மானித்திருக்கிறார்கள், நாம் கை வைக்க வேண்டாம். அமெரிக்காவின் 90 நகரங்களில் காற்று மாசுக்கும் அன்றாட மரணங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவுக்கு என்ன நேர்ந்தது என்று இவர்கள் படிக்க வேண்டும். எஸ்-பிளஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அது விடையைத் தோராயமாக எடுத்து, திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும். மாற்றம் போதுமான அளவு சிறிதானதும் நின்றுவிடும். எவ்வளவு சிறிதானால் நிற்பது என்பதுதான் டிஃபால்ட். இந்த வகைத் தரவுக்கு அது மிகவும் தளர்வாக இருந்தது, கணக்கு முடியும் முன்பே நின்றுவிட்டது. நுண்துகள் மாசு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் மரணம் 0.41 சதவீதம் கூடும் என்று முதலில் வந்தது. 2002இல் அவர்களே அந்த எல்லையை இறுக்கிக் கணக்கிட்டபோது 0.27 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. மாசு கொல்கிறது என்ற முடிவு தப்பியது. ஆனால் அமெரிக்க அரசு காற்றுத் தர விதிகளைப் பரிசீலித்துக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி நடந்தது. அந்தத் துறையின் தலைசிறந்தவர்களையே டிஃபால்ட் ஏமாற்றியிருக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்தான் நம்பகமானது என்பார்கள். எஸ்-பிளஸும் விலைக்கு விற்ற மென்பொருள்தான்.

அடுத்தது, நேரம் மிச்சம், எத்தனை புள்ளியியல் டெஸ்ட் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம் என்ற பெருமை. இதைப் பெருமையாகச் சொல்வதுதான் எனக்குத் தாங்க முடியாதது. உண்மையில் எந்த வேறுபாடுமே இல்லாத தரவில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் போட்டால், குறைந்தது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். ஆணுக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாக, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக என்று பிரித்துக்கொண்டே போனால் ஏதோ ஒன்று அகப்பட்டே தீரும். மாரடைப்பில் ஆஸ்பிரினைச் சோதித்த ஐசிஸ்-2 ஆய்வின் கட்டுரை 1988இல் லான்செட் இதழில் வந்தது, 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின் உயிர் காத்தது என்பதில் ஐயமே இல்லை. துணைக்குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தை எல்லோருக்கும் காட்ட, ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசி வாரியாகவும் பிரித்தார்கள். மிதுன ராசிக்கும் துலாம் ராசிக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றே கெடுதல் போலவும் தெரிந்தது! இன்று ஒரு முதுநிலை மாணவர் இதே வேலையை ரத்தப் பிரிவு, தொழில், உணவுப் பழக்கம் என்று செய்து, கிடைத்த ஒன்றை முடிவுரையில் வைக்கிறார். மற்ற பத்தொன்பதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு டியூட்டி முடித்து வந்து உட்காரும் பிள்ளை அது. பி வேல்யூ 0.05க்குக் கீழே வராவிட்டால் தீசிஸ் தேறாது என்று பயமுறுத்தி வைத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த பி வேல்யூவைப் படிப்பதிலும் பாருங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். மூன்று தசமத்தோடு நிறுத்தி .000 என்று காட்டும். 0.0005ஐவிடக் குறைவு என்பதே அதன் பொருள். "பி = 0.000" என்று அப்படியே ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. தற்செயலுக்கு இடமே இல்லை என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர், அதாவது கைடு, கையெழுத்துப் போடுகிறார்.

கடைசியாக, காலம் மாறிவிட்டது என்கிறார்கள். மென்பொருள் வந்த பிறகுதான் நல்ல மருத்துவ ஆய்வு சாத்தியமாயிற்றாம். சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒருவருக்கும் நா எழக்கூடாது. 1956இல் இதே ஊரில் தொடங்கிய காசநோய் ஆய்வில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்குக் காசநோயாளிகளைத் தங்கவைக்கும் சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஓராண்டுச் சிகிச்சை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையைச் சானடோரியத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். உருவானது 1968இல்தான். யாரை எப்படிப் பிரிப்பது, எதை அளப்பது, யாரோடு ஒப்பிடுவது என்று நோயாளியைத் தொடும் முன்பே அவர்கள் உட்கார்ந்து தீர்மானித்திருந்தார்கள். அந்த உழைப்புதான் அந்த ஆய்வு.

மென்பொருளை விட்டொழிக்கச் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்றைய மரபணுத் தரவை யாராலும் தொட முடியாது. புள்ளியியல் அறிந்தவரைத் தரவு சேர்ந்த பிறகு தேடாமல், ஆய்வைத் திட்டமிடும் நாளிலேயே பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்கிறேன்.

கைடுகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வைவா வாய்மொழித் தேர்வில் மாணவரின் மாஸ்டர் சார்ட்டிலிருந்து ஏதாவது ஒரு வரியைச் சுட்டிக்காட்டுங்கள். அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு, இந்த டெஸ்டை ஏன் போட்டாய் என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் போட்டது என்பது பதிலாக வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள்.